எங்கள் வீட்டுக்கு எத்தனை கார்டு

எட்டாவது கிரெடிட் கார்டு வந்த அன்று கூரியர்க்காரர் எங்கள் வீட்டு அழைப்பு மணியை அடிக்கவில்லை. கேட்டுக்கு வெளியே வண்டியை நிறுத்திவிட்டு, பால்காரர் குரல் கொடுப்பதுபோல, "அக்கா, கார்டு வந்துருக்கு" என்றார். கையெழுத்துப் போடத் தன் போனை நீட்டிக்கொண்டே, "சாருக்கு இன்னும் எத்தனக்கா வரும்?" என்று விசாரித்தார். கிண்டலாகக் கேட்கவில்லை. எங்கள் தெரு அவருடைய வழியில் கொஞ்சம் சுற்று. தெரிந்துகொண்டால் நாளைத் திட்டமிட வசதியாக இருக்கும் என்று நினைத்திருப்பார். எனக்குத்தான் பதில் தெரியவில்லை.

நான் திருநகரில் ஒரு சின்ன மருந்துக்கடை வைத்திருக்கிறேன். என் கணவர் பசுமலைப் பக்கம் ஒரு பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் பாடம் எடுக்கிறார். என் மாமியார் எங்களோடு இருக்கிறார். மகள் கோயம்புத்தூரில் விடுதியில் தங்கிப் படிக்கிறாள். அவளுக்கு இந்தக் கதையில் வேலை இல்லை. ஆக, வீட்டில் இருப்பது மூன்று பேர். கார்டு மட்டும் எட்டு.

என் கணவர் செலவாளி என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. தேய்ந்த செருப்பைத் தைத்துப் போடுகிறவர் அவர். பெட்ரோலுக்கு ஒரு கார்டு, கரண்ட் பில்லுக்கு ஒரு கார்டு, அதற்கு மேல் அவருக்குத் தேய்க்கத் தெரியாது. மீதியெல்லாம் அலமாரியில் ஒரு எவர்சில்வர் டப்பாவுக்குள் கிடந்தன. பிரச்சினை பணம் இல்லை, மாணவர்கள்.

அவரிடம் டிப்ளமோ முடித்த பிள்ளைகளில் பாதிப் பேர் அதன்பிறகு லேத் மெஷினைக் கண்ணால்கூடப் பார்க்கவில்லை. வேலை தேடி ஓய்ந்து, கழுத்தில் டையை மாட்டிக்கொண்டு, ஏதாவது ஒரு வங்கிக்காகக் கார்டு விற்கப் போய்விடுவார்கள். பெட்ரோல் பங்க் வாசலில் நிற்பார்கள், மால் படிக்கட்டில் நிற்பார்கள். முதல் கார்டு அப்படித்தான் வந்தது. மேலூர்ப் பக்கம் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டில் இறங்கினோம். உச்சி வெயில். குடை நட்ட ஒரு மேசைக்குப் பின்னால் இருந்து, "சார்" என்று ஒரு பையன் ஓடி வந்தான்.

"என்னைய ஞாபகம் இருக்கா சார்? தெர்மல் பேப்பர்ல ரெண்டு தடவ அரியர் வச்சேன்ல."

"மூணு தடவ" என்றார் இவர். "இங்க என்னப்பா பண்ற?"

"கார்டு போட்டுக்கிட்டு இருக்கேன் சார். காலைல இருந்து இன்னும் போணி ஆகல."

நான் டவுன் பஸ் வந்துவிட்டதா என்று திரும்பிப் பார்த்தேன். மறுபடி இந்தப் பக்கம் திரும்புவதற்குள் அவர் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். பையன் மேசைக்கு அடியிலிருந்து ஒரு நீல நிற டிராலி பேக்கை எடுத்துக் கொடுத்தான். அதை உருட்டிக்கொண்டு நாங்கள் திருநகர் பஸ்ஸில் ஏறினோம். கண்டக்டர் அதற்கும் லக்கேஜ் டிக்கெட் கேட்டார்.

அதன்பிறகு செய்தி எப்படியோ பரவிவிட்டது. சார் மாட்டேன் என்று சொல்ல மாட்டார். மாதக் கடைசியில் கார்டு கணக்கு இடிக்கிற பிள்ளைகளெல்லாம் எங்கள் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தினார்கள். நான் காபி போடுவேன். அவர்கள் கிளம்பிய பின் சண்டை போடுவேன்.

"பாவம்மா" என்பார் அவர். "இவனுக்கு நான்தான பாடம் எடுத்தேன். வேல கெடைக்கலேன்னா அதுல எனக்கும் பங்கு இருக்குல்ல?"

"பங்கு இருந்தா உக்கார வச்சு சோறு போட்டு அனுப்புங்க. கையெழுத்து எதுக்கு?"

அவர் தலையாட்டுவார். நியாயம்தான் என்று ஒப்புக்கொள்வார். அடுத்த மாதம் இன்னொரு டிராலி பேக் வரும். எங்கேயும் பயணம் போகாத எங்கள் வீட்டில் ஐந்து டிராலி பேக் சேர்ந்துவிட்டன. ஒன்றில் கம்பளிகள் இருந்தன. ஒன்றில் பழைய மிக்சி ஜார்கள். ஒரு கார்டுக்கு விமான நிலையத்தில் வருஷத்துக்கு நாலு தடவை குளுகுளு அறையில் உட்கார்ந்து இலவசமாகச் சாப்பிடலாமாம். எங்கள் மூன்று பேரில் ஒருவரும் அதுவரை விமானத்தில் ஏறியதில்லை.

ஒரு பையன் வந்தபோது, "சார், ஆட்-ஆன் கார்டு ஃப்ரீ. வீட்ல இன்னொருத்தர் பேர்லயும் போட்டா எனக்குப் பாயிண்ட் கூடும்" என்றான். ஆட்-ஆன் என்றால் இவருடைய கணக்கிலேயே இன்னொருவர் பெயரில் வரும் துணைக் கார்டு. இவர் என் முகத்தைப் பார்த்தார். என் முகம் அப்போது பார்க்கும்படி இல்லை. உடனே தன் அம்மா பெயரைச் சொல்லிவிட்டார்.

அந்தக் கார்டு வந்த அன்று மாமியார் அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். புடைத்திருந்த எழுத்துகளை விரலால் தடவிப் பார்த்து என்னிடம் நீட்டினார்.

"இதுல ஏம் பேரா போட்டுருக்கு?"

"ஆமாத்தை."

"முழுசாவா?"

"முழுசாத்தான் இருக்கு."

கார்டைத் திரும்ப வாங்கிக்கொண்டார். உள்ளே போய்த் தன் போன் உறையின் பின்பக்கத்தில் அதைச் செருகி வைத்துக்கொண்டார். ஒருநாளும் பயன்படுத்தியதில்லை. ஆனால் போனை மேசையில் வைக்கும்போது கார்டு தெரிகிற பக்கத்தை மேலே திருப்பித்தான் வைப்பார்.

இப்படியே போயிருக்கும். என் கடைக்குப் பக்கத்துக் கடை காலியானதுதான் எல்லாவற்றையும் மாற்றியது. அங்கே ஜெராக்ஸ் கடை வைத்திருந்தவர் சொந்த ஊருக்குப் போய்விட்டார். கட்டட உரிமையாளர், "நீங்களே எடுத்துக்கிறீங்களாம்மா? மத்தவங்களுக்குக் குடுக்குறதுக்கு முன்னாடி ஒரு வார்த்த கேட்டுருவோம்னு பாத்தேன்" என்றார். எனக்கு அன்றைக்குத் தூக்கம் வரவில்லை. நடுச்சுவரை உடைத்துவிட்டால் இன்சுலினுக்குப் பெரிய ஃபிரிட்ஜ் வைக்கலாம். சர்க்கரை அளவு பார்க்க ஒரு ஓரத்தில் நாற்காலி போடலாம். இப்போது வயதானவர்கள் ரோட்டில் நின்றுகொண்டேதான் விரலை நீட்டுகிறார்கள். மனசுக்குள் அலமாரிகளை அடுக்கிக்கொண்டே படுத்திருந்தேன்.

இருவர் பெயரிலும் சேர்த்துக் கடனுக்கு விண்ணப்பித்தோம். வங்கியில் எங்களைக் கூப்பிட்டு உட்கார வைத்த அதிகாரி என்னை விடச் சின்னப் பெண். கம்ப்யூட்டர் திரையைப் பார்த்துவிட்டு என் கணவரைப் பார்த்தார்.

"சார், நீங்க பிசினஸ் எதுவும் பண்றீங்களா?"

"இல்லம்மா. வாத்தியார்."

"எட்டு கார்டு இருக்கே. எல்லா லிமிட்டையும் கூட்டினா உங்க வருஷச் சம்பளத்துக்கு மேல வருது. நாளைக்கே நீங்க அம்புட்டையும் தேச்சிட்டா எங்க கடன எப்படிக் கட்டுவீங்கன்னு மேல கேப்பாங்க. போதாததுக்குப் போன வருஷம் ஒரு கார்டுக்கு ரெண்டு மாசம் பணமே கட்டல."

"கட்டுனேனே" என்றார் இவர்.

வீட்டுக்கு வந்து பார்த்தால் உண்மையிலேயே கட்டியிருந்தார். கரண்ட் பில் கட்டும் நீலக் கார்டுக்குப் பதிலாக இன்னொரு நீலக் கார்டுக்கு, இரண்டு முறை. இரண்டும் ஒரே நீலம். ஒரு வங்கி இவர் கணக்கில் கூடுதலாகப் பணத்தை வைத்துக்கொண்டு பேசாமல் இருந்தது. இன்னொன்று அபராதம் போட்டுக்கொண்டே போயிருந்தது.

ஆனால் அன்று வங்கியில் என்னை உறுத்தியது அது இல்லை. அந்தப் பெண் என் பக்கம் திரும்பி, கொஞ்சம் தயங்கித்தான் சொன்னார்.

"மேடம், உங்க பேர்ல ரிப்போர்ட் எடுத்தா வெள்ளத் தாள்தான் வருது. கடனும் வாங்குனதில்ல, கார்டும் இல்ல. நீங்க நல்லாக் கட்டுவீங்களா மாட்டீங்களான்னு எங்களுக்கு எதுவுமே தெரியாது."

பதினாறு வருஷமாக மருந்து மொத்த வியாபாரிகளிடம் கடனுக்குச் சரக்கெடுத்து, ஒரு வாரம்கூடத் தவறாமல் கட்டுகிறவள் நான். அதெல்லாம் அந்தத் திரையில் தெரியாதாம். "சாருக்கு ஒண்ணு போதும், மிச்சத்த மூடுங்க. உங்க பேர்ல ஒண்ணு வாங்கி ஒழுங்காப் பயன்படுத்துங்க. ஆறு மாசம் கழிச்சு வாங்க மேடம், பாக்கலாம்" என்று அனுப்பிவைத்தார். கட்டட உரிமையாளரிடம் போய் ஆறு மாதம் பொறுக்க முடியுமா என்று கேட்டேன். வாடகையில் பாதியை இப்போதே கொடுத்தால் பொறுப்பேன் என்றார். சரி என்றேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை இட்லி சாப்பிட்ட தட்டுகளை எடுத்துவிட்டு, டப்பாவைச் சாப்பாட்டு மேசையில் கவிழ்த்தேன். மாமியார் பூண்டு உரித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

"எதெது போகணும், சொல்லுங்க" என்றேன்.

என் கணவர் ஒரு கார்டை எடுத்தார். "இது உசிலம்பட்டிப் பையன். கல்யாணத்துக்குக்கூடப் போனோமே." கீழே வைத்தார். இன்னொன்று. "இது அந்த வாடிப்பட்டிப் பொண்ணு. டிராயிங் எம்புட்டு அழகாப் போடும் தெரியுமா." அதையும் வைத்தார். எதிலும் வங்கியின் பெயர் அவர் கண்ணில் படவே இல்லை. அட்டென்டன்ஸ் எடுக்கிற ஒருவரிடம் யாரைக் கழிக்கலாம் என்று நான் கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்று அப்போதுதான் புரிந்தது. கோபம் பாதி இறங்கிவிட்டது. மீதிப் பாதியை வைத்துக்கொண்டு, "இத மூடுனா அவங்க வேல போயிருமா?" என்று கேட்டேன்.

"கேட்டுப் பாத்துருவோமா?" என்றார்.

முதலில் மாட்டுத்தாவணிப் பையனுக்குப் போன் போட்டார். ஸ்பீக்கரில்தான். எடுத்தவுடன் பின்னால் துளை போடும் மெஷின் சத்தம் கேட்டது.

"சார், நல்லா இருக்கீங்களா? அந்தக் கார்டா? அத இன்னுமா சார் வச்சிருக்கீங்க? நான் அந்த வேலைய விட்டே ரெண்டு வருஷம் ஆச்சு. இப்ப ஏசி சர்வீஸ் பண்றேன் சார், சொந்தமா. கூட ரெண்டு பேர் இருக்காங்க. மூடுங்க சார், தாராளமா மூடுங்க."

இவர் கார்டு விஷயத்தை அத்தோடு மறந்துவிட்டார். கம்ப்ரசர் எப்படிப் பிரிக்கிறாய், கேஸ் எங்கே வாங்குகிறாய் என்று அரை மணி நேரம் பேசினார். "தெர்மல்ல நீங்க சொன்னதுதான் சார் சோறு போடுது" என்று அந்தப் பக்கம் சொன்னதும், இவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

அன்றைக்கு முழுக்க இதே வேலைதான். உசிலம்பட்டிப் பையன் திருப்பூரில் ஒரு நிட்டிங் மில்லில் மெயின்டனன்ஸ் பார்க்கிறான். வாடிப்பட்டிப் பெண் கப்பலூரில் ஒரு கம்பெனியில் டிசைன் பிரிவில் இருக்கிறாள். ஒருவன் சிங்கப்பூர் போய்விட்டான். அவன் அம்மா போனை எடுத்து, மகனுக்குப் பெண் பார்க்கிறோம், தெரிந்த இடம் இருந்தால் சொல்லுங்கள் என்றார். ஒரே ஒருவன்தான் இன்னும் கார்டு விற்கிறான், அதிலும் அவன் இப்போது மேலாளர். அவனும், "ஒரு வருஷம் தாண்டிருச்சுல்ல சார், எங்களுக்கு ஒண்ணும் கொறையாது" என்றான். சாயங்காலம் இவர் கூடத்தில் முன்னும் பின்னுமாக நடந்துகொண்டிருந்தார். "எல்லாம் பொழச்சுக்கிட்டாய்ங்கம்மா" என்று என்னிடம் ஒருதரமும் அவர் அம்மாவிடம் ஒருதரமும் சொன்னார்.

மூடுவது என்று முடிவாகிவிட்டது. ஆனால் முடிவெடுப்பது வேறு, வாடிக்கையாளர் சேவைக்குப் போன் போட்டு மூடுவது வேறு. முதல் கார்டை மூட அவரைத் தனியாக விட்டது என் தப்பு. உள்ளறையில் வெகுநேரம் பேசிவிட்டுச் சிரித்த முகத்தோடு வந்தார். முடிந்தது என்று நினைத்தேன். அடுத்த வாரம் கூரியர்க்காரர் மறுபடி வாசலில் நின்றார். உள்ளே தங்க நிறத்தில் ஒரு கார்டு.

"அந்தப் புள்ள ரொம்ப வருத்தப்பட்டுச்சும்மா. ஆயுசுக்கும் ஃபீஸ் இல்லையாம். மாத்தித் தாரேன்னுச்சு. சரின்னுட்டேன்."

அதன்பிறகு ஒவ்வொரு போனுக்கும் நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். வேறொன்றும் பேசக் கூடாது, 'நன்றி, வேண்டாம், மூடிருங்க' என்று மட்டும் சொல்ல வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தேன். அவர் அதை மனப்பாடப் பாட்டு மாதிரி ஒப்பித்தார். அந்தப் பக்கம் விடுவதாக இல்லை. லிமிட்டைக் கூட்டித் தருகிறோம் என்றார்கள், புள்ளிகள் வீணாகும் என்றார்கள். தங்கக் கார்டு விஷயத்தில் ஒருவர், "என்ன காரணத்துக்காக மூடுறீங்க சார்?" என்று அழுத்திக் கேட்டார். இவர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "வீட்ல சொல்றாங்க" என்றார். அவ்வளவுதான். "சரி சார், மூடிட்டேன்" என்று பதில் வந்தது. மிச்சமிருந்த எல்லா போனிலும் அதையே சொல்ல வைத்தேன்.

கடைசியில் இரண்டு கார்டு மிஞ்சின. ஒன்று பெட்ரோல் கார்டு. வருஷக் கட்டணம் கிடையாது, மாதாமாதம் கொஞ்சம் பணம் திரும்பியும் வரும். மற்றது, மாமியாரின் துணைக் கார்டுக்குத் தாய்க் கார்டு. அதற்கு வருஷக் கட்டணம் உண்டு, வேறு பிரயோஜனம் ஒன்றுமில்லை. ஒன்றை வைப்பது என்றால் எது என்று யோசிக்கவே வேண்டியதில்லை. தாய்க் கார்டு போனால் துணைக் கார்டும் செத்துப்போகும். அதை மாமியாரிடம் எப்படிச் சொல்வது என்று நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருந்தபோது அவரே பேசினார்.

"மூடுறதுன்னா மூடிக்கங்க. அதுக்கு முன்னாடி ஒரு தடவ நான் தேச்சுப் பாத்துக்கிறேன்."

மூன்று பேருமாக விளக்குத்தூண் பக்கம் ஒரு ஜவுளிக்கடைக்குப் போனோம். விலை அதிகமானால் பின் நம்பர் கேட்கும் என்று சொல்லிவைத்திருந்தேன். "அப்ப கேக்காத வெலைக்கு எடுப்போம்" என்றார். கடையில் இருந்த பெண் அடுக்கடுக்காக எடுத்துப் போட்டுக் களைத்துப்போனாள். ஒருவழியாக எனக்கு ஒரு கைத்தறிப் புடவை, தனக்கு ஒன்று, மகனுக்கு ஒரு துண்டு என்று முடித்தார். பில் போடும் இடத்தில் இருந்த இளைஞர் தலையைத் தூக்கி என் கணவரைப் பார்த்து, "கார்டா, கேஷா சார்?" என்றார்.

"கார்டு ஏங்கிட்ட இருக்கு தம்பி" என்றார் மாமியார். "என்னையப் பாத்துக் கேளு."

அவர் திரும்பினார். "சரிங்கம்மா. பில்லுல போட உங்க பேர் சொல்லுங்க."

மாமியார் தன் பெயரைச் சொன்னார். அவர் தட்டிக்கொண்டிருக்கும்போதே, தகப்பனார் பெயரின் முதல் எழுத்தையும் சேர்த்து இன்னொருமுறை நிதானமாகச் சொன்னார். போன் உறையிலிருந்து கார்டை உருவி, நான் காட்டிய இடத்தில் மெஷின்மேல் வைத்தார். அது ஒரு சத்தம் போட்டது. "அம்புட்டுத்தாம்மா" என்றார் அந்த இளைஞர்.

திரும்பி வரும்போது ஆட்டோவில் மாமியார் மடியில் பை இருந்தது. சிக்னலில் நின்றபோது சொன்னார்: "நாங்க நடவுக்குப் போன காலத்துல கடையில கடன் கேட்டா, யாரு வீட்டு ஆளு நீன்னுதான் கேப்பாக. நெலத்துக்காரவுக பேரச் சொன்னாத்தான் அரிசி அளப்பாக. ஏம் பேர எவனும் கேட்டதில்ல." வருத்தமாகச் சொல்லவில்லை. நாளைக்கு மழை வரும்போல இருக்கிறது என்பதுபோலச் சொன்னார். பிறகு கார்டை என் பக்கம் நீட்டினார். "தேச்சாச்சு தாயி. நீ மூடிக்க."

என் கணவர் வெளியே ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் கார்டை வாங்கவில்லை. "இருக்கட்டும் அத்தை. பெட்ரோல் கார்டத்தான் மூடப்போறோம்" என்றேன். மாமியார் கார்டைப் பழைய இடத்திலேயே செருகிக்கொண்டார். வருஷக் கட்டணத்தைப் பற்றி நாங்கள் அன்றும் பேசவில்லை, இன்றுவரையும் பேசவில்லை. மாத மளிகையை அதில் தேய்த்தால் அந்தக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்துவிடுவார்கள் என்று பிறகு கண்டுபிடித்தேன். அதனால் மளிகைக்குப் போகும்போதெல்லாம் அவரும் வருகிறார், கார்டு அவர் கையை விட்டு வராது என்பதால். துவரம்பருப்பை மூன்று கடையில் விசாரித்த பிறகுதான் கார்டு வெளியே வரும். எங்களுக்கு அரை நாள் போய்விடுகிறது.

இனி என் பெயரில் ஒன்று வாங்க வேண்டும். நானே கடைக்குப் பக்கத்து வங்கியில் போய்க் கேட்கலாம் என்றுதான் இருந்தேன். அதற்குள் அந்த வருஷம் டிப்ளமோ முடித்த ஒரு பெண் வீட்டுக்கு வந்தாள். கழுத்தில் புது அடையாள அட்டை. வேலைக்குச் சேர்ந்து பத்து நாளாம். சோபாவின் நுனியில் உட்கார்ந்து பையைத் திறந்தாள். என் கணவர் எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டார். அவர் அப்படி நின்று நான் பார்த்ததே இல்லை.

"உக்காரும்மா" என்றேன் அந்தப் பெண்ணிடம். "எனக்கு ஒண்ணு போடு. ஃபீஸ் இல்லாததாப் பாத்துப் போடு."

வட்டி எப்போது விழும், எந்தத் தேதிக்குள் கட்ட வேண்டும், தவறினால் எவ்வளவு என்று ஒவ்வொன்றாகக் கேட்டேன். பாதிக்கு அவளுக்குப் பதில் தெரியவில்லை. மேலதிகாரிக்குப் போன் போட்டுக் கேட்டுச் சொன்னாள். அடுத்த வீட்டில் போய்ச் சொல்ல அவளுக்கும் உதவும்தானே. எல்லாம் முடிந்து எழுந்தபோது, "மேடம், ஆட்-ஆன் சார் பேர்ல போட்டுரவா?" என்றாள்.

"வேணாம்மா. அவருக்கு ஒண்ணு இருக்கு."

ஜன்னல் பக்கத்திலிருந்து இருமல் மாதிரி ஒரு சிரிப்பு வந்தது.

ஆறு மாதம் என்று அந்த அதிகாரி சொன்னது எட்டு மாதமாக இழுத்தது. அதற்குள் கட்டட உரிமையாளர் இரண்டு தடவை மனசு மாறி, இரண்டு தடவையும் திரும்பி வந்தார். நாங்கள் கேட்ட தொகை முழுதும் கிடைக்கவில்லை. ஃபிரிட்ஜை மட்டும் தவணையில் எடுத்தேன். சுவரை உடைத்த அன்று என் கணவர் விடுப்புப் போட்டுவிட்டு வந்து, பாரம் எந்தப் பக்கம் இறங்கும் என்று கொத்தனாருக்குப் பாடம் எடுத்தார். கொத்தனார் எல்லாவற்றுக்கும் "சரிங்க சார்" சொல்லிவிட்டுத் தன் இஷ்டப்படி உடைத்தார். நான் அலமாரிகளைப் பிளாஸ்டிக் தாளால் மூடிவிட்டு, ஒரு மேசையை மட்டும் வாசலுக்கு இழுத்துப் போட்டு வியாபாரம் பார்த்தேன். தெரு முழுக்கச் செங்கல் தூசி. அதற்குள் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு ஒருவர் வந்து இருமல் மருந்து கேட்டார்.

கொடுத்தேன். கார்டும் இல்லை, கேஷும் இல்லை, போனில் ஜிபேதான் பண்ணினார்.